பதினொரு நிமிடக் குரல்

லா சப்பல், பாரிஸ்
06.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உறையின் பின்பக்கத்தில் என் பெயரைக் கண்டதும் கிழித்துப் போடாமல் இவ்வளவு தூரம் வாசித்ததற்கு நன்றி. கிழித்திருந்தாலும் குறை சொல்லமாட்டேன். பதின்மூன்று வருடமும் ஐந்து மாதமும் நான் உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. "எனக்கு ஏதும் சொல்ல இருந்தா எழுதிச் சொல்லட்டும், மைக் பிடிச்சுச் சொல்ல வேண்டாம்" என்று மார்கிரட்டிடம் சொல்லிவிட்டு விமானம் ஏறினீர்கள். அவளும் நல்ல மனைவியாக அதை ஒரு சொல் பிசகாமல் என்னிடம் சேர்ப்பித்தாள். எனக்கோ மைக் பிடிக்கத் தெரிந்த அளவுக்குப் பேனா பிடிக்கத் தெரியாது. அதனால் சும்மா இருந்துவிட்டேன். ரோசம் என்றும் சொல்லலாம்.

இப்போது மைக் போகப்போகிறது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். எனக்குத் தொண்டையில் புற்றுநோய், சரியாகக் குரல்நாண் இருக்கும் இடத்தில். ஒக்டோபரில் கண்டுபிடித்து மூன்று தடவை மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். சரிவரவில்லை. மார்ச் 24ஆம் திகதி குரல்வளையை முழுதாக எடுக்கிறார்கள். உயிருக்குப் பயமில்லை, குரல்தான் திரும்ப வராது என்கிறார் டொக்டர். கழுத்துக்குள் சின்னக் குழாய் வைத்துப் பேசுகிறவர்களும் உண்டாம், என் தொண்டைக்கு அது ஒத்துவராதாம். முப்பது வருடமாக இந்த ஊர்த் தமிழ்க் கலியாண மண்டபங்களில் மாப்பிள்ளை பெண்ணைக் கூப்பிட்ட குரல், இப்போதே பழைய கதவு மாதிரிக் கிறீச்சிடுகிறது.

இனி உங்களிடம் வந்த காரணம். மகள் டிலானி இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறாள் அல்லவா. அங்கே சில ஆராய்ச்சிக்காரர்கள், குரல் போகப்போகிறவர்களின் குரலை முன்கூட்டியே பதிந்துவைத்து, பிறகு நாங்கள் எழுத்தை அடித்தால் எங்கள் குரலிலேயே பேசும் கருவி ஒன்று செய்து கொடுக்கிறார்களாம். அதற்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். தமிழ் தெரியாது. இங்கே பிரெஞ்சில் கேட்டோம், அடுத்த வருடம் வரை காத்திருக்கச் சொன்னார்கள். டிலானியின் மகளுக்கு மூன்று வயது, ஆங்கிலம்தான் அவளுடைய வாயில் வரும். என் குரலிலேயே அவளோடு பேசவேண்டும். எனக்கு இப்போது உள்ள ஆசை அது ஒன்றுதான்.

முன்னூற்றைம்பது ஆங்கில வசனங்களை வாசித்துப் பதியவேண்டும். ஒலி சரியாக விழுந்தால் பச்சை விளக்கு, பிழைத்தால் சிவப்பு. மூன்று நாளில் எனக்கு விழுந்த பச்சை ஏழு. எங்கள் நாலாம் மாடி ஜன்னலுக்கு நேரே மெத்ரோ ரயில் பாலத்தில் ஓடுகிறது, அதற்கும் சிவப்பு. ஆகவே மார்கிரட்டின் சாறி அலுமாரிக்குள் தலையை விட்டுப் பேசுகிறேன். மிச்சச் சிவப்பு முழுவதும் என் வாயின் வேலை.

நீங்கள் ஆசிரியர் கலாசாலையில் முப்பது வருடம் ஆங்கில ஒலிகளைப் படிப்பித்தவர். ஒவ்வொரு ஒலியும் வாயில் எங்கே, எப்படிப் பிறக்கிறது என்று எழுதி அனுப்புவீர்களா? அக்காவாக வேண்டாம். ரீச்சராகப் போதும்.

தம்பி
அம்புறோஸ்

*

கொழும்புத்துறை, யாழ்ப்பாணம்
20.01.2025

திரு. அம்புறோஸ் அவர்களுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. நோயைப் பற்றி அறிந்து வருத்தமடைந்தேன். பங்குக் கோவிலில் பூசைக்குச் சொல்லியிருக்கிறேன். ரீச்சராகப் போதும் என்று எழுதியிருக்கிறீர். நல்லது, ரீச்சராகவே எழுதுகிறேன்.

முதலில் தொண்டையில் கையை வையும். "பாம்பு" என்று மெதுவாகச் சொல்லும். முதலாவது ப சொல்லும்போது தொண்டை சும்மா இருக்கும். இரண்டாவது ப வரும்போது விரலுக்குக் கீழே அதிரும். உதடுகள் இரண்டிலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. குரல்நாண் சேர்ந்துகொண்டதா இல்லையா என்பதுதான் வித்தியாசம். முதலாவது குரலற்ற ஒலி, இரண்டாவது குரலுள்ள ஒலி. ஆங்கிலத்தின் பாதிக் கதை இதற்குள் இருக்கிறது. நாங்கள் பேனாவுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே ப எழுதுவோம், சொல்லைப் பார்த்து வாய் தானாக மாறிக்கொள்ளும். ஆங்கிலத்தில் வாய் தானாக மாறக்கூடாது. எது வேண்டுமென்று நீர் தீர்மானிக்க வேண்டும். இந்த வித்தியாசம் உமக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். தெரியும் என்பதுதான் தெரியாது.

சொல்லின் தொடக்கத்தில் வரும் குரலற்ற ப-வுக்கு ஆங்கிலேயர் கூடவே ஒரு மூச்சும் விடுவார்கள். வாய்க்கு முன்னால் ஒரு கடதாசித் துண்டைப் பிடித்துச் சொல்லிப் பாரும். கடதாசி ஆடினால் சரி. பாம்பு சீறுவது போன்ற ஸ் உமக்கு வரும். அதே இடத்தில் நாக்கை வைத்துக்கொண்டு தொண்டையை அதிரவிட்டால் தேனீ இரையும் சத்தம் வரும். அதுதான் ஆங்கிலக் கடைசி எழுத்தின் ஒலி. மேற்பல் கீழுதட்டைத் தொட்டால் ஒரு வ, தொடாமல் உதடு குவிந்தால் இன்னொரு வ. கண்ணாடி பார்த்துப் பழகும். "காற்று" என்று நாங்கள் யாழ்ப்பாணத்தில் சொல்லும்போது நாக்கு நுனி படுகிற இடம், ஆங்கில ரீ (T) எழுத்தின் இடத்துக்கு மிகக் கிட்ட. அதில் உமக்குச் சிரமம் இராது. கடைசியாக, ஒரு சொல்லில் அழுத்தம் விழும் அசையைத் தவிர மற்ற அசைகளின் உயிரொலியை மெலிய விடும். எல்லாவற்றையும் முழுதாகச் சொன்னால் பிரசங்கம் போலிருக்கும்.

இதில் எதுவும் உமக்குப் புதிதாக இருக்காது. நான் பதினேழு வயதில் அகராதியையும் கைக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு காலைதோறும் இவற்றைப் பழகும்போது, பக்கத்தில் நிலத்தில் இருந்து வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நீர். பார்த்ததைச் சார்செல் மண்டபத்தில் நானூறு பேருக்கு நடித்தும் காட்டினீர்.

இங்ஙனம்
றெஜினா

*

லா சப்பல்
03.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீர், உமக்கு என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் பிந்திப் போனவன் போலக் கதவடியில் நின்று வாசித்தேன். பரவாயில்லை, உள்ளே விட்டீர்களே.

பாடத்தை ஒழுங்காகச் செய்தேன். வைத்தியசாலைக்குப் போகும் பஸ்ஸில் தொண்டையில் கையை வைத்துப் பாம்பு, பாம்பு என்று சொல்லிக்கொண்டு போனேன். எதிரே இருந்த பிரெஞ்சு மனிசி எழும்பி வேறு இடத்தில் போய் இருந்தாள். கடதாசித் துண்டு நன்றாக ஆடியது. இரண்டு வ-வும் வந்தன. முதல் வாரத்தில் பச்சை ஏழிலிருந்து நாற்பத்தொன்றுக்கு ஏறியது. மார்கிரட்டுக்கு நம்பவே முடியவில்லை, "மச்சாள் கடிதத்திலயே உங்களைத் திருத்திப்போட்டா" என்றாள்.

பிறகு நின்றுவிட்டது. பத்து நாளாக நாற்பத்தொன்றுதான். தேனீ வரமாட்டேன் என்கிறது, நான் தொண்டையை எவ்வளவு இறுக்கினாலும் பாம்புதான் சீறுகிறது. நேற்றுக் கையை வைத்துப் பாம்பு என்று சொன்னேன். இரண்டாவது ப-வும் அதிரவில்லை. ஒருநாளைக்கு மூன்று மணித்தியாலம் கத்திப் பழகுகிறேன், பழகப் பழகக் குறைகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சார்செல் மண்டபத்தைக் கடைசி வரியில் கொண்டுவந்து குத்தியிருக்கிறீர்கள். மூத்த மகள் நிரஞ்சலாவின் கலியாணத்துக்கென்று விசா எடுத்து உங்களைக் கூப்பிட்டது நான். மாப்பிள்ளை வீட்டார் லண்டன் ஆட்கள், அவர்களுக்காக ஆங்கிலத்தில் நாலு வார்த்தை வாழ்த்திப் பேசக் கேட்டதும் நான். நீங்கள் பேசி முடிந்ததும் மைக்கை வாங்கி உங்களைப் போல ஆங்கிலம் பேசிக் காட்டினேன். ஓம், பிழைதான். ஆனால் நான் யாரைத்தான் அப்படிச் செய்யவில்லை? பாதிரியாரைச் செய்திருக்கிறேன், சொந்த மாமனாரைச் செய்திருக்கிறேன். சபையில் பகிடி விடுவதுதான் என் தொழில். ஒரு பகிடிக்குப் பதின்மூன்று வருடமா அக்கா? உங்கள் ஆங்கிலத்தில் யாரும் கைவைக்கக்கூடாது என்று அவ்வளவு பெருமையா?

இதை எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதிவிட்டேன்.

அம்புறோஸ்

*

கொழும்புத்துறை
14.02.2025

அம்புறோஸ்,

பகிடி என்று எழுதியிருக்கிறீர். அன்று என்ன சொன்னீர் என்று உமக்கு ஞாபகம் இல்லையென்றால் நான் ஞாபகப்படுத்தப் போவதில்லை. அந்தக் கதை இத்தோடு நிற்கட்டும்.

இப்போது கவனமாக வாசியும். பயிற்சியை உடனே நிறுத்தும். இது வாயின் பிழை அல்ல. நாக்கும் உதடும் பல்லும் உள்ள இடத்தில்தான் இருக்கின்றன, அவை செய்யவேண்டியதைச் செய்கின்றன. உமது குரல்நாண்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. சேராவிட்டால் அதிராது. அதிராவிட்டால் குரலுள்ள ஒலி எல்லாம் அதற்குச் சோடியான குரலற்ற ஒலியாகத்தான் வரும். தேனீ பாம்பாகும். நோய் உள்ள தொண்டையை இறுக்கிக் கத்தச் சொன்னவள் போல ஆகிவிட்டேன். எழுதுமுன் ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். தொண்டை நோய்க்காரனுக்குத் தொண்டையில் கையை வைத்துப் பாடம் சொன்ன ரீச்சர் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இரண்டு இரவு இதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

வெட்டியபிறகு என்ன மிஞ்சும் என்று எனக்குள்ளே கணக்குப் போட்டுப் பார்த்தேன். உதட்டைப் பூட்டித் திறக்கும் ப், நாக்கு நுனியால் த், அடிநாக்கால் க். வாயில் உள்ள காற்றே இவற்றுக்குப் போதும், கொஞ்சம் பழகினால் வரும். உயிரொலிகள் போய்விடும், அவை முழுவதும் குரல். மெய்யை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வசனமும் கட்ட முடியாது என்று முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அது யாராவது ஒருவருக்கு நடக்கும் என்று நினைத்து எழுதியதில்லை.

ஆகவே இனிப் பதிந்து பிரயோசனமில்லை. பதிந்து வைத்தது ஏதாவது இருக்கிறதா என்று தேடும். முப்பது வருடமாக மண்டபங்களில் பேசியிருக்கிறீர். எல்லாக் கலியாணத்தையும் வீடியோ எடுக்கிறார்களே. பழைய பதிவிலிருந்து குரலை எடுக்க முடியுமா என்று டிலானியிடம் சொல்லி அந்த ஆராய்ச்சிக்காரரைக் கேட்கச் சொல்லும்.

சுடுதண்ணீர் குடியும். அலுமாரிக்குள் தலையை விட வேண்டாம், சாறித் தூசி தொண்டைக்குக் கூடாது.

றெஜினா

*

லா சப்பல்
25.02.2025

அக்கா,

கேட்டோம். முடியுமாம். இசை இல்லாமல், சனத்தின் இரைச்சல் இல்லாமல், மைக்கிலிருந்து நேராக வந்த என் குரல் பத்து நிமிடம் வேண்டும். அதுவும் ஆங்கிலத்தில், எல்லா ஒலியும் ஓரளவுக்காவது அதில் இருக்கவேண்டும். மார்ச் 21க்கு முன் அனுப்பினால் இந்த வருடத்துப் பட்டியலில் சேர்ப்பார்கள்.

இங்கே ஜெனிஸ்டன் என்று ஒருவன் வீடியோக் கடை வைத்திருக்கிறான். என்னுடைய கலியாணங்களில் முக்கால்வாசியை எடுத்தவன் அவன்தான். கடையின் பின்னறையில் நாலு நாள் இருந்து தேடினோம். இருநூற்றுப் பன்னிரண்டு கலியாணம். எல்லாவற்றிலும் எனக்குப் பின்னால் நாதஸ்வரமோ கீபோட்டோ போகிறது. பேசுவதும் தமிழ், இடைக்கிடை பிரெஞ்சு. நான் இவ்வளவு பேசியிருக்கிறேன், உருப்படியாகப் பத்து நிமிடம் இல்லை.

ஒன்றே ஒன்று இருந்தது. பகிடி எல்லோருக்கும் கேட்கவேண்டும் என்று நானே பாட்டுக்காரரை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். மைக் ஒலியைத் தனியாகப் பதிந்திருக்கிறார்கள். என் குரல் கண்ணாடி மாதிரி, நாற்பத்தொன்பது வயதுக் குரல். பதினொரு நிமிடம், அநேகமாக முழுவதும் ஆங்கிலம். எது என்று உங்களுக்கு விளங்கியிருக்கும்.

கேட்டேன். ஜெனிஸ்டன் சிரித்தான், நானும் முதலில் சிரித்தேன். ஒன்பதாவது நிமிடத்தில் ஆங்கிலத்தை விட்டுத் தமிழுக்கு வருகிறேன். "எங்கட அக்காவை ஒருத்தரும் கட்ட வரேல்லை எண்டு ஆரும் கவலைப்படாதேங்கோ. அவ இங்கிலீசைக் கட்டிப்போட்டா. பிள்ளைகுட்டிதான் இல்லை." மண்டபம் அதிரச் சிரிக்கிறது. கமரா உங்கள் மேசைக்குத் திரும்புகிறது. நீங்கள் சாப்பாட்டுக் கோப்பையில் இருந்த சோற்றை விரலால் ஒதுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். நிறுத்தச் சொல்லிவிட்டு வெளியே போய்க் கடை வாசலில் நின்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அதைச் சொன்னதே எனக்கு ஞாபகத்தில் இல்லை. இத்தனை வருடமும் உங்கள் ஆங்கிலத்தை நடித்துக் காட்டியதற்குத்தான் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன கடிதத்தில் பெருமையா என்று வேறு கேட்டேன். மறந்துபோனது சொன்னதைவிடக் கேவலம். என்னை மன்னியுங்கள் அக்கா. இதை மேடையில் சொன்னால் அழகாகச் சொல்லுவேன், எழுத இவ்வளவுதான் வருகிறது.

உங்களைக் கேட்காமல் அந்தப் பதிவை எடுக்கமாட்டேன். டிலானி, "அத்தைக்குச் சொல்லாமலே அனுப்பலாம் அப்பா, அவவுக்கு எப்பிடித் தெரியப்போகுது?" என்கிறாள். எனக்குத் தெரியும் என்று எழுதிக் காட்டினேன், இப்போது அதிகம் பேசுவதில்லை. வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணம் வரும் ஆள் ஒருவரிடம் இந்தக் கடிதத்தோடு பதிவையும் கணினியில் செருகும் ஒரு பென்றைவில் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். கேட்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். 21க்குள் பதில் வராவிட்டால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வேன், கோபிக்கமாட்டேன்.

அம்புறோஸ்

*

கொழும்புத்துறை
09.03.2025

அம்புறோஸ்,

முன்வீட்டு றொஷானியின் மடிக்கணினியை வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். மூன்று தரம் கேட்டேன்.

முதல்தரம் அழுதேன். அதை மறைத்து என்ன பயன்.

நீ அந்த வசனத்தை எடுத்து எழுதியதால் நானும் சொல்லிவிடுகிறேன். கலியாணம் கட்டாதது என் விருப்பம். கேட்டு வந்தவர்கள் இருந்தார்கள், உனக்கும் தெரியும். எனக்குப் படிப்பிப்பதும் வாசிப்பதும் என் பாட்டில் இருப்பதும் போதுமாக இருந்தது. அதை ஒரு குறையாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அன்று நானூறு பேரும் ஒன்றாகச் சிரித்தபோதுதான், ஊர் அதைக் குறையாக வைத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அடுத்த நாள் லா சப்பல் மளிகைக் கடையில் கறிவேப்பிலை வாங்கும்போதும் காசு மேசையில் நின்றவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நீ எனக்கு அதைத் தெரியப்படுத்தினாய். அதுதான் என் கோபம், வேறொன்றும் இல்லை.

இரண்டாம் தரம் பரீட்சைத் தாள் திருத்துவது போலப் பென்சிலோடு கேட்டேன். பதினொரு நிமிடத்தில் மூன்றே மூன்று பிழை. இரண்டு வ-வும் சரி. தேனீ சரி. கடதாசி ஆடும் மூச்சு, வைக்கவேண்டிய இடத்தில் எல்லாம் வைத்திருக்கிறாய். என்னிடம் இரண்டு வருடம் படித்துப் பட்டம் வாங்கிப்போன ஆசிரியர்கள் இப்படிப் பேசமாட்டார்கள். சொந்தமாகப் பேச வெளிக்கிட்டால் ஏழு பச்சை விளக்கு, என்னைப் போலப் பேச வெளிக்கிட்டால் முழுவதும் பச்சை. பதினொரு வயதில் நிலத்தில் இருந்து என் வாயைப் பார்த்தாயே, அன்று நீ விளையாடுகிறாய் என்று நினைத்தேன். படித்திருக்கிறாய்.

மூன்றாம் தரம் கேட்டபோது இன்னொன்றும் பிடிபட்டது. அழுத்தம் விழாத உயிரொலியை மெலிய விடு என்று உனக்கும் எழுதினேன், எல்லோருக்கும் படிப்பித்தேன். அந்த மேடையில் நான் எதையும் மெலிய விடவில்லை. ஒவ்வோர் உயிரொலியையும் திருப்பலியில் வாசகம் வாசிப்பது போல முழுசு முழுசாகச் சொல்லியிருக்கிறேன். நீ அதை அப்படியே பிடித்திருக்கிறாய். சனம் சிரித்தது அதற்குத்தான். அறுபத்தெட்டு வயதுக்கு வந்தபின் என் ஆங்கிலத்தில் உள்ள குறையை உன் வாயால் அறிந்தேன். தனியாக இருந்து சிரித்துவிட்டேன். றொஷானி கதவைத் தட்டி, "ரீச்சர், ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டாள்.

எடுத்துக்கொள். அது என் ஆங்கிலம், அகராதியிலிருந்து ஒவ்வொரு ஒலியாக நானே பொறுக்கிச் சேர்த்தது. அன்று கேட்காமல் எடுத்தாய், இன்று கேட்டு எடுக்கிறாய். ஒரு நிபந்தனை. ஒன்பதாவது நிமிடத்தில் உள்ள அந்தத் தமிழ் வசனத்தை வெட்டிவிடு. கருவிக்குத் தமிழ் தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வெட்டு.

இந்தக் கடிதத்தை விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். தபாற்காரர் பிந்தினாலும் என்று றொஷானியைக் கொண்டு டிலானிக்கு ஒரு வரி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்: அத்தை ஓம் என்கிறா.

24ஆம் திகதி காலைப் பூசையில் இருப்பேன். இந்தமுறை உனக்கு, அக்காவாக.

அக்கா

*

லா சப்பல்
02.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்கு வருந்துகிறேன், வைத்தியசாலையிலிருந்து வந்தபின்னும் நெடுநாள் படுக்கையில் கிடந்தேன். இப்போது பரவாயில்லை.

வசனத்தை ஜெனிஸ்டன் வெட்டினான். வெட்டியதை அழித்தானா என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். நிரஞ்சலாவுக்கும் விஷயத்தை எழுதினேன், அவளும் தன்னிடம் உள்ள வீடியோவை அவனிடம் கொடுத்து அந்த இடத்தை எடுத்துவிட்டாள். இனி அது எங்கேயும் இல்லை, உங்கள் மனதைத் தவிர. அதை என்னால் வெட்ட முடியாது.

வெட்டும் முடிந்தது. கழுத்தின் அடியில் ஒரு துவாரம் இருக்கிறது, மூச்சு அதனால்தான் போய்வருகிறது. நீங்கள் சொன்ன கடதாசித் துண்டை ஒருநாள் வாய்க்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன், ஆடவில்லை. கழுத்துக்கு முன்னால் பிடித்தேன், ஆடியது. அன்று முழுவதும் சாப்பிட மனம் வரவில்லை. மார்கிரட் பக்கத்தில் இருந்தாள்.

போன சனிக்கிழமை டிலானி பிள்ளையோடு வந்தாள், கருவியைக் கொண்டுவந்தாள். ஒரு சின்னப் பலகை, எழுத்தை அடித்து அழுத்தினால் பேசும். நான் பேத்தியின் பெயரை எழுதி, வா, வந்து தாத்தாவின் மடியில் இரு என்று ஆங்கிலத்தில் அடித்தேன். அழுத்தினேன்.

என் குரல்தான் அக்கா. நோய் வருமுன் இருந்த குரல். டிலானி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளை எந்த யோசனையும் இல்லாமல் வந்து மடியில் ஏறிவிட்டது. மார்கிரட் மட்டும் முதலில் அழுதாள், பிறகு சிரிக்கத் தொடங்கி நிறுத்தமுடியாமல் கதிரையில் சாய்ந்துவிட்டாள். "குரல் உங்கடதான், வாய் மச்சாளின்ர வாயெல்லோ" என்றாள்.

நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. கருவிக்குத் தெரிந்தது அந்தப் பதினொரு நிமிடம்தான், அதில் நான் நீங்களாகத்தான் பேசியிருக்கிறேன். ஆகவே நான் எதை அடித்தாலும் அது உங்கள் ஆங்கிலத்தில் வருகிறது. தேத்தண்ணி வேண்டும் என்றாலும் கன்னியாஸ்திரி மடத்து வாசலில் நின்று கேட்பது போலிருக்கிறது. ஒரு உயிரொலியும் மெலியவில்லை. பேத்தி, தாத்தா ஏன் அரசியைப் போலப் பேசுகிறார் என்று தாயிடம் கேட்டாளாம். கடைத்தெருவில் தெரிந்தவர்கள் கருவியை அழுத்தச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். நானும் நின்று கேட்கிறேன். சபை சிரிக்கும்போது பேசாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று இப்போது தெரிகிறது.

ஆனால் சொல்கிறேன், எனக்கு இது பிடித்திருக்கிறது. இனிச் சாகும்வரை நான் உங்களைப் போலத்தான் பேசுவேன். தமிழில்தான் ஒன்றும் இல்லை. எழுதிக் காட்டுகிறேன், அல்லது உதட்டை அசைக்கிறேன். உங்களுக்கு இப்படி எழுதலாம், அது போதும்.

தம்பி
அம்புறோஸ்

*

கொழும்புத்துறை
15.06.2025

தம்பி,

போதாது.

இந்தக் கடிதம் கிடைத்தபின் வரும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், இங்கே ஐந்து மணிக்கு எனக்குத் தொலைபேசி எடு. உன் இலக்கத்துக்கு நான் போட்டிருந்த தடையை றொஷானி எடுத்துவிட்டாள். எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று நான் அன்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ இவ்வளவு எழுதியதே காணும்.

முதலில் கருவியை ஆங்கிலத்தில் பேசவிடு. என் ஆங்கிலம் ஆண்குரலில் எப்படி இருக்கிறது என்று கேட்க ஆசையாக இருக்கிறது. பிழை கண்டால் சொல்லுவேன், அது உன் பிழையல்ல, என்னுடையது.

பிறகு கருவியை நிறுத்திவிட்டுத் தொலைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடி. "அக்கா" என்று சொல். முடியாது என்று எழுதாதே. அந்தச் சொல்லின் நடுவில் இருப்பது அடிநாக்கில் பிறக்கும் க், அது குரலற்ற ஒலி, அதற்குக் குரல்நாண் தேவையில்லை. நீ அதை மட்டும் சொல். முன்னாலும் பின்னாலும் உள்ள உயிரை நான் போட்டுக் கேட்பேன்.

அக்கா
றெஜினா